தென்கிழக்காசியப் பட்டும் ‘நம்முடைய’ கோலங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில், கலியாணப் பருவத்தை முன்னிட்டுப் பட்டுச்சேலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோர்க்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைக் கரையைப் பற்றி அதில் எழுதியிருந்த பகுதி விளக்கமாகவும் பிழையில்லாமலும் இருந்ததால், அடுத்த பக்கத்தையும் அதே நம்பிக்கையோடு திருப்பினேன். அங்கே தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பட்டுகளும் ஒரே பந்திக்குள் அடக்கப்பட்டிருந்தன. அவற்றில் காணப்படும் நாகம், தாமரை, முக்கோணக் கரை எல்லாம் சோழர் காலத்தில் கப்பலேறிப் போன நம்முடைய கோலங்களே என்று முடிவும் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், கம்போடியப் பட்டு நெசவு என்ற குறிப்போடு ஒரு படம். அந்தப் படத்தில் இருந்த துணி கம்போடியாவினுடையது அல்ல. பார்த்த அளவில் அது பட்டும் அல்ல. அதிலிருந்த கோலம் தறியில் விழுந்ததும் அல்ல. நான் திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பிள்ளையின் கொப்பியில் ஒரே வரியில் இப்படி மூன்று பிழைகள் இருந்தால் சிவப்பு மையை எடுத்திருப்பேன். பத்திரிகைக்குக் கடிதம்தான் எழுத முடிகிறது.

படத்திலிருந்தே தொடங்குகிறேன். சாய்ந்த பட்டைகளாக வளைந்து வளைந்து இறங்கும் அந்தக் கோலத்துக்கு ஜாவாவில் ‘பாராங்’ என்று பெயர். யோக்யகர்த்தா, சுரகர்த்தா அரண்மனைகளில் அரச குடும்பத்தாருக்கென்று ஒதுக்கி, மற்றவர்கள் உடுக்கக் கூடாதென்று ஒரு காலத்தில் விலக்கி வைத்திருந்த கோலங்களுள் அதுவும் ஒன்று. அது பத்திக். நெய்து முடித்த துணியில், ‘சாந்திங்’ என்னும் மூக்குள்ள சிறிய செப்புக் கருவியால் உருக்கிய மெழுகை வார்த்து வரைந்து, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகைக் கொதிநீரில் கழற்றி எடுக்கும் வேலை. இந்தோனேசியப் பத்திக்கை யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது 2009 ஆம் ஆண்டில். இலங்கையரான நமக்குப் பத்திக் என்பது கண்ணுக்குப் பழகிய பொருள். ஒல்லாந்தர் காலத் தொடர்பினால் ஜாவாவிலிருந்து இங்கே வந்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. வேறெங்கும் இந்தப் பிழை நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இதைப் படக்குறிப்பில் நேர்ந்த சில்லறைத் தவறு என்று விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு. ஒரு கோலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்னர், அது துணிக்குள் எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். நெய்த பின்னர் மெழுகால் வரலாம். நெய்வதற்கு முன்னரே, நூலைக் கட்டிச் சாயமிடுவதால் வரலாம். நெய்துகொண்டிருக்கும்போதே, மேலதிக ஊடை (குறுக்கு) நூலாகச் செருகப்பட்டும் வரலாம். கப்பலில் வந்திறங்கிய ஒரு சீலையைப் பார்த்து அதன் உருவத்தைக் காகிதத்தில் எவரும் பிரதி செய்துவிடுவர். தறியில் அதைக் கொண்டுவருவதற்கு அந்த ஊர்ப் பெண் இழைகளைத் தூக்கும் தன்னுடைய விழுதையும் கால்மிதியையும் நூற்கணக்கையும் கொண்டு அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரையாளர் கோலங்களைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கம்போடியாவின் ‘ஹோல்’ பட்டு மேலே சொன்னவற்றுள் இரண்டாவது வகை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரே நிறமாக இருக்கும். கோலம் முழுவதும் ஊடையில். ஊடை நூலை ஒரு சட்டத்தில் வரிவரியாகச் சுற்றி, சாயம் பிடிக்கக் கூடாத இடங்களை முன்பு வாழைநாராலும் இப்போது பிளாஸ்திக் நாராலும் இறுகக் கட்டித் தோய்ப்பார்கள். சில கட்டுகளை அவிழ்த்து, வேறு சில இடங்களைக் கட்டி, மறுபடியும் தோய்ப்பார்கள். மஞ்சள், அரக்கிலிருந்து இறங்கும் சிவப்பு, அவுரி நீலம் ஆகிய மூன்றே அடிப்படைச் சாயங்கள். மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பச்சை, சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கறுப்பை ஒட்டிய ஊதா. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த நூல், ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவுக்குள் போகிறது. நெய்பவள் ஒவ்வோர் இழையையும் இம்மி இம்மியாக நகர்த்தி அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு கவனமாக நிறுத்தினாலும் கோலத்தின் ஓரம், குளத்தில் விழுந்த கரையின் நிழல்போலச் சற்றுக் கலங்கியே இருக்கும். மூன்று விழுதுகளில் சாய்வரியாக நெய்வதால் துணியின் ஒரு முகம் மற்ற முகத்தைவிடப் பளிச்சென்று தெரியும்.

இதே முறையில் விகாரைகளுக்காக நெய்யப்படும் சித்திரத் துணிகளுக்குக் கம்போடியரின் கெமர் மொழியில் ‘பிடான்’ என்று பெயர். யானை, மரம், நாகம், கோபுரம் எல்லாம் அவற்றில் வரும். புத்தர் சிலைக்கு மேலாகக் கட்டுவதும், சுவரில் தொங்கவிடுவதும் உண்டு. அந்தச் சொல் வேறெதுவுமல்ல, நமது விதானமே. வடமொழிச் சொல் ஒன்று வங்கக் கடலின் இரண்டு கரைகளிலும் ஏறியிருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் மேற்கட்டி கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதன்முதலில் இதை அறிந்தபோது ஒருவிதச் சிலிர்ப்பு உண்டானதை மறைக்கமாட்டேன். ஆனால் சொல் பொதுவாக இருப்பது வேறு, துணி பொதுவாக இருப்பது வேறு. நான் பார்த்த நம்முடைய விதானச் சீலைகள் வரையப்பட்டவை, அல்லது வெட்டித் தைக்கப்பட்டவை. அவர்களுடையது, தறிக்குப் போகுமுன்னரே யானையின் துதிக்கை எந்த இழையில் வளைய வேண்டும் என்று எண்ணிக் கட்டப்பட்டது.

அந்த எண்ணிக்கை ஒருமுறை அறுந்துபோகப் பார்த்தது. 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் நடந்த கெமர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சியில் மக்கள் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டார்கள்; பட்டுப்புழு வளர்ப்பும் நெசவும் சிதறிப்போயின. கிகுவோ மொரிமோத்தோ என்ற யப்பானியர் 1996 இல் கெமர் மரபுத் துணிகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியபோது, எஞ்சியிருந்த மூதாட்டிகளைக் கிராமம் கிராமமாகத் தேடிப்போக வேண்டியிருந்தது. அவர்களிடம் வரைபடங்கள் இருக்கவில்லை. எந்த இடத்தில் கட்ட வேண்டும், எதை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது அவர்களின் விரல்களில் இருந்தது. இடப்பெயர்வுக்குப் பின்னர் வீட்டுக்குத் திரும்பி, அம்மாவின் தையல்பெட்டி இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. அந்த மூதாட்டிகள் காப்பாற்றிக் கொடுத்ததைச் சோழர் கணக்கில் ஒரே வரியில் எழுதிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி லாவோஸின் நாகத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது உண்மையில் அதுதான். என் தமையனாரின் மகள் லாவோஸின் தலைநகரான வியன்தியானில் இரண்டாண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது எனக்கு ஒரு ‘சின்’ கொண்டுவந்து தந்தாள். அங்குள்ள பெண்கள் இடுப்பில் உடுக்கும், குழாயாகத் தைத்த துணி. நமது சாரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். கருநீலத் துணியின் அடிக்கரையில், கொக்கி கொக்கியாக வளைந்த உடலோடு நாகங்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கின்றன. மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வேறோர் அலுவலாக இங்கே வந்திருந்தபோது அதை அவரிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. வாங்கியவுடனே புரட்டி, பின்பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல்நுனியால் மெல்லத் தடவிக்கொண்டு போனார். “ஒரு வரிக்குள்ளேயே நிறம் மாறுது ரீச்சர். எல்லாம் கையால செருகின நூல். இது எங்கட தறியில வராது” என்றார்.

அவர் சொன்னது சரி. லாவோ தறியில், பாவுக்கு நேரே நீளமாகத் தொங்கும் விழுதுகளுக்குள், கோலத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நூல் அல்லது ஒரு மூங்கில் குச்சி செருகப்பட்டிருக்கும். நெய்பவள் மேலேயுள்ள குச்சி காட்டும் பாவிழைகளை மட்டும் தூக்கி, அந்த இடைவெளியில் கோல நூலைச் செருகி, அடித்து, அந்தக் குச்சியைக் கீழே மாற்றிவிடுவாள். மேலேயுள்ள குச்சிகள் எல்லாம் கீழே வந்து சேர்ந்ததும், அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மேலே ஏற்றுவாள். இறங்கும்போது விழுந்த பாதி ஏறும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும். சில வகைகளில் நிறத்தை இடத்துக்கிடம் மாற்றுவதற்காக விரலாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ இழைகளைக் கிளப்பிச் சிறு சிறு நூல்களைத் தனித்தனியாகச் செருகுவதும் உண்டு. மேலும் கீழும் ஒத்த அந்தச் சமச்சீர், ஆகவே, பெருமளவுக்குத் தறியின் இயல்பிலிருந்து பிறந்தது. கட்டுரையாளரோ இணைநாகத்தைக் கண்டவுடன், நம்மூர் அரசமரத்தடியில் பின்னிக்கிடக்கும் கல் நாகங்களின் வழித்தோன்றல் என்று எழுதியிருக்கிறார்.

அவருக்கு ஒரு கேள்வி. நாகம் நம்முடைய பட்டிலிருந்து போனதென்றால், நம்முடைய பட்டில் அது எங்கே? மயில் இருக்கிறது, அன்னம் இருக்கிறது, யாளியும் இருதலைப்பட்சியும் உருத்திராட்சமும் மாங்காயும் இருக்கின்றன. கூறைச்சேலையில் நாகத்தை நான் கண்டதில்லை. கொண்டுவந்து விரித்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தொட்டிருக்கவும் மாட்டார்கள். நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைத்துத் தள்ளி நின்று கும்பிடுகிற சனம் நாங்கள். லாவோ மக்களுக்கு நாகம், ஆற்றுக்குள்ளிருந்து தம்மைக் காக்கும் மூதாதை. அதைப் பிறப்பு முதல் இறப்பு வரையான சடங்குகளில் உடலோடு அணிகிறார்கள். லாவோ சமூகங்களின் நாகக் கோல நெசவு 2023 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது அந்த மக்களின் பெயரில்தான். இரண்டு கரைகளிலும் நாகம் தெய்வம் என்பதில் ஐயமில்லை. அதனோடு பழகும் விதம் ஒன்றல்ல.

மியன்மாரின் அமரபுரத்தில் ‘லுண்டயா’ என்று ஒரு பட்டு நெய்கிறார்கள். அந்தப் பெயருக்கு நூறு நாடா என்பது பொருள். அலையலையாக ஓடும் ஒரு கரைக்கு உண்மையாகவே அத்தனை சிறு நாடாக்களைக் கையால் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கட்டுரையில் மியன்மாரைக் காணவில்லை. அதற்காக ஒருவகையில் மகிழ்ச்சி அடைந்தேன்.

மலேசியாவின் ‘சொங்கெட்’ சரிகைப் பட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டுரையில் மிகவும் நம்பத்தகுந்ததாகத் தோன்றக்கூடிய வாதம் அங்கேதான் இருக்கிறது. தெரெங்கானு, கிளந்தான் பகுதிகளில் நெய்யப்படும் இதன் பெயர், இழையைக் கிளப்பி எடுத்தல் என்ற பொருளுள்ள ‘சுங்கிட்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 2021 இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இதன் தலைப்பில் வரிசையாக நிற்கும் முக்கோணங்களைக் கட்டுரை கோபுரக் கரை என்கிறது. நெய்பவர்கள் அதை ‘பூச்சுக் ரெபோங்’ என்கிறார்கள், மூங்கில் குருத்து. இரண்டு பெயர்களும் ஒரே வடிவத்துக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. வரிக்கு வரி இருபக்கமும் ஓரிழை குறைத்துக்கொண்டே போனால் உலகத்தின் எந்தத் தறியிலும் முக்கோணம்தான் வரும். அதைக் கோபுரமாகக் காண்பவர்கள் கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள்; குருத்தாகக் காண்பவர்களின் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நிற்கிறது.

சொங்கெட்டில் வரும் இன்னொரு கோலம் ‘பூங்கா தஞ்சோங்’. தஞ்சோங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம் நமது மகிழமரமேதான். மகிழம்பூ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சிலர் இதற்கும் பூரிக்கக் கூடும். மரம் இரு கரைகளிலும் தானாகவே வளர்கிறது. காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்குவதற்கு எந்த நாட்டுப் பெண்ணுக்கும் இன்னொரு நாட்டார் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கே எனக்கு மனத்துக்குப் பிடித்த ஒற்றுமை வேறு. சேலையை நாம் உடல் என்றும் தலைப்பு என்றும் பிரித்துச் சொல்கிறோம். மலாய் நெசவாளர்களும் துணியை ‘பாடான்’, ‘கெப்பாலா’ என்று, அதாவது உடல், தலை என்றே பிரிக்கிறார்கள். யாரிடமிருந்து யார் படித்தார்கள் என்று இதில் கேட்கத் தோன்றவில்லை. துணியை ஆளாகப் பார்க்கிற கண் இருவருக்கும் இருந்திருக்கிறது.

தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இராசேந்திர சோழன் 1025 இல் கடாரத்தின் மேல் படை அனுப்பியதும், சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள். மலாய்க்காரர் கப்பலைக் ‘கப்பால்’ என்றும் கடையைக் ‘கெடாய்’ என்றும் சொல்வது சும்மா வந்ததல்ல. ஆனால் பாருஸ் கல்வெட்டு பேசுவது பொன்னையும் கஸ்தூரி விலையையும் பற்றி, தறியைப் பற்றியல்ல. துணிக்குத் திட்டமான சான்று தேடினால் அது சோழரை விட்டு வேறு திசைகளுக்குப் போகிறது. முதலாவது, குசராத்தின் பட்டான் நகரத்துப் பட்டோலா. பாவையும் ஊடையையும் இரண்டையும் கட்டிச் சாயமிட்டு நெய்யும் அந்தப் பட்டு, இந்தோனேசியத் தீவுகளில் அரசர் வீட்டுப் பொக்கிஷமாக, குலச்சொத்தாகப் பேணப்பட்டது. நம் ஊர்க் கோட்டையையும் வைத்திருந்த அதே ஒல்லாந்துக் கம்பனி, வாசனைத் திரவிய வணிகத்தில் சலுகை பெறுவதற்காகத் தீவுத் தலைவர்களுக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தது. ஜாவாவின் பெக்கலோங்கன் நகரத்து ‘ஜிலாம்பிராங்’ பத்திக் அந்தப் பட்டோலாவைப் பார்த்து வரைந்ததே. இது குசராத்திக் கோலம்; தமிழ்க் கோலம் அல்ல.

இரண்டாவது சான்று நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் கட்டுரையின் முடிவுக்கு நேர் எதிரானது. சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் தென்கிழக்காசியச் சந்தைக்கென்று பருத்தித் துணிகளில் வரைந்தும் அச்சிட்டும் அனுப்பியவற்றின் இரு தலைப்புகளிலும், தீவுகளில் ‘தும்பால்’ என்று வழங்கும் முக்கோண வரிசை இருக்கும். அங்கே வாங்குபவர்கள் அப்படித்தான் விரும்பினார்கள். விரும்பியபடி போட்டுக் கொடுத்தால்தான் துணி விற்கும். அந்த வணிகத்தில் கோலத்தைத் தீர்மானித்தவர்கள் உடுத்தவர்கள். நம் பக்கத்துத் தொழிலாளி அதைக் கேட்டறிந்து, கற்று, வரைந்து அனுப்பினான். எனக்கு இதில் ஒரு குறைவும் தெரியவில்லை. கொடுத்தவர்கள் என்று மட்டுமே பெருமைப்படும் பழக்கம் நம்மிடம் இருப்பதால்தான், கற்றுக்கொண்ட இந்தக் கதை எந்தக் கலியாண மலரிலும் வருவதில்லை.

வாங்குவோருக்காக ஒரு சிறு குறிப்பு. இதே நகரத்தில் ஒரு பிடவைக்கடையில், தாய்லாந்துக் கட்டுநெசவுப் பட்டு என்று சொல்லி எனக்கு ஒரு துணி விற்கப்பட்டது. வீட்டில் ஓரத்து நூல் ஒன்றை இழுத்து நெருப்பில் காட்டினேன். உருகித் துளியாகி, கல்லுப்போல இறுகியது. பட்டாக இருந்தால் மயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியாகியிருக்கும். பட்டைப் பொதுவாக நூற்பதில்லை, கூட்டிலிருந்து இழுத்தெடுக்கிறார்கள். பதிற்றுப்பத்துக் காலத்தவர்களே அதை ‘நூலாக் கலிங்கம்’ என்று ஒரு சொல்லில் தெளிவாக்கிவிட்டார்கள். கம்போடிய நாட்டுப்புழுவின் கூடு பொன்மஞ்சளாக இருப்பதும் உண்மை; ஆனால் அந்த மஞ்சள் பெரும்பாலும் இழையைச் சுற்றியுள்ள பசையில் இருப்பதால், பசை நீங்க அவித்ததும் வெளிறிவிடும். தங்கநிறம் மாறாத இயற்கைப் பட்டு என்று எவராவது மெத்தென்ற துணியைக் காட்டினால், சாயம் என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தங்களிடம் கேட்பது இரண்டு. அந்தப் படக்குறிப்பை, ஜாவாவின் பாராங் பத்திக் என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டும். இனிமேல் இத்தகைய துணிகளின் படங்களை வெளியிடும்போது, ஆசியப் பட்டு, கிழக்கத்தியக் கோலம் என்று பொதுவாகப் போடாமல், நெய்த நாட்டையும் ஊரையும், நெய்த முறையையும், அந்தக் கோலத்துக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயரையும் தமிழெழுத்தில் தர வேண்டும். கோபுரம்போல இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. மருதமுனையிலும் மட்டக்களப்பிலும் இன்னும் தறி போடுகிறவர்கள் இப்பக்கங்களை வெட்டி வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைத் தங்கள் உதவி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பெயரும் முறையும் பயன்படும், பெருமை பயன்படாது.

லாவோ நாகத்தின் படம் தேவையென்றால் துணி என்னிடம் இருக்கிறது. கடற்காற்றுக்குப் பயந்து பழைய பருத்திச் சீலையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தங்கள் திருகோணமலைச் செய்தியாளர் எந்த நாளும் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரேயொரு நிபந்தனை: பின்பக்கத்தையும் படமெடுத்து, முன்பக்கத்தின் அளவிலேயே அச்சிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.